நாயின் சாட்சியம்

இங்கிலாந்து நாட்டின் பக்கிங்காம்ஷயர் பகுதியில் அமர்ஷம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர்களும் நாய்களைப் பழக்குவோரும் கூடிச் செய்த ஓர் ஆய்வு 2004ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டவரின் சிறுநீரை, அந்நோய் இல்லாதவரின் சிறுநீரிலிருந்து மோப்பத்தால் பிரித்தறிய நாய்க்கு இயலுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. ஆறு நாய்களுக்கு ஏழு மாதங்கள் பயிற்சி அளித்தார்கள். ஏழு மாதிரிகள் வைக்கப்படும். அவற்றுள் ஒன்று மட்டுமே நோயாளியினுடையது. அதனருகே நாய் படுத்துக்கொள்ள வேண்டும். சரியாகப் படுத்தால் தின்பண்டம் கிடைக்கும். தவறினால் ஒன்றும் கிடையாது.

பயிற்சிக் காலத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. புற்றுநோய் இல்லாதவர் என்று ஏட்டில் குறிக்கப்பட்டிருந்த ஒருவரின் மாதிரியை, ஐயத்துக்கு இடமின்றி நோயாளியின் மாதிரியாகவே நாய்கள் காட்டின. அம்மனிதரின் சிறுநீர்ப்பைக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்தாகிவிட்டது. ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. குறை எதுவும் தென்படவில்லை. எனவே ஏட்டின்படி நாய்கள் சொன்னது பிழை. பிழை செய்யும் நாய்க்குத் தின்பண்டம் இல்லை. இன்னும் சில நாள்கள் அவ்வாறே பழக்கியிருந்தால், அந்த மாதிரியின் அருகே படுப்பதை அவை விட்டிருக்கக்கூடும். உண்மையைச் சொல்லாதிருக்க அவை கற்றிருக்கும்; நாமோ அதைப் பயிற்சியின் வெற்றி என்று எழுதி வைத்திருப்போம்.

அப்படி நடக்கவில்லை. செய்தி மருத்துவரின் செவிக்கு எட்டியது. அவர் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. மேலும் சில சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தார். அம்மனிதரின் வலது சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது. எல்லோரும் சிறுநீர்ப்பையிலேயே தேடிக்கொண்டிருக்க, நோய் அதற்கு மேலே ஒளிந்திருந்தது.

இதைப் படித்த நாள் முதல் இந்நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. நாயின் மூக்கு வியப்புக்குரியதுதான். அதைவிட எனக்கு வியப்பூட்டுபவர் அந்த மருத்துவர். தன் கருவியும் தன் ஏடும் ஒன்றைச் சொல்ல, வாய்பேசாத ஒரு விலங்கு வேறொன்றைச் சொல்ல, தன் ஏட்டை மீண்டும் திறந்து பார்த்தாரே, அதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம் எங்கிருந்து வருகிறது? நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கிறது? இக்கட்டுரையில் நான் எண்ணிப் பார்க்க விழைவது அதைத்தான்.

முதலில் மூக்கைப் பற்றிச் சில சொற்கள். மனிதரின் நாசியில் மணத்தை உணரும் அணுக்கள் சில பத்து இலட்சங்கள் என்றால், நாயின் நாசியில் அவை சில பத்துக் கோடிகள். நாய் மூச்சை வெளிவிடும்போது அம்மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகளின் வழியே விலகிச் செல்கிறது. முன்னால் இருக்கும் மணம் கலைவதில்லை. நோயுற்ற உடலில் வேதிமாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றால் எளிதில் ஆவியாகும் சில பொருள்கள் பிறந்து மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் கலந்து வெளியேறுகின்றன. இதில் மாயம் ஒன்றும் இல்லை. பழைய வைத்தியர்கள் நோயாளியின் மூச்சையும் நீரையும் மோந்து பார்த்தவர்கள்தாமே!

இத்துறையின் தொடக்கமும் ஒரு வீட்டுக் கதைதான். 1989ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் இருவர் லான்செட் என்னும் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 44 வயதுடைய பெண்மணி ஒருவரின் காலில் இருந்த ஒரு மச்சத்தை அவர் வளர்த்த நாய் ஓயாமல் மோந்துகொண்டே இருந்ததாம். கால்சட்டைக்கு மேலும் மோந்ததாம். அவர் அரைக்கால் சட்டை அணிந்திருந்த ஒருநாள் அதைக் கடித்தே எடுக்க முயன்றதாம். அவர் மருத்துவரிடம் சென்றார். அது கொடிய தோல் புற்று எனத் தெரிந்தது. அந்நாய்க்கு எவரும் எதையும் கற்பித்திருக்கவில்லை. பின்னர் 2008இல் பிரிட்டனில் இதற்கெனவே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. நிறுவியவர்களுள் ஒருவரான கிளேர் கெஸ்ட் என்னும் அம்மையாரின் நாய் டெய்சி, மறு ஆண்டே அவருடைய மார்பை முகத்தால் இடித்து இடித்து நின்றது. அங்கே ஆழத்தில் புற்றுநோய் இருந்தது.

நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியில், வியர்வையையும் சிறுநீரையும் மோந்து அத்தொற்றைக் கண்டறியப் பழக்கிய நாய்களை இந்திய இராணுவம் தில்லியில் காட்டியது. காஸ்பர் என்னும் வெளிநாட்டு இன நாயுடன் ஜெயா, மணி என்ற இரண்டு நாய்கள் இருந்தன. அவ்விரண்டும் சிப்பிப்பாறை இனம். முயல் வேட்டைக்கென்று நம் தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் வளர்க்கப்பட்ட ஒல்லி உடல் நாய்! அதைப் படித்தபோது எனக்கும் சற்றுப் பெருமிதம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி வினாவுக்கு வருவோம். நாய்க்கு என்ன தெரிகிறது?

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் புனித தாமஸ் அக்வினாஸின் இறையியல் தொகுப்பில் ஒரு பகுதி எங்களுக்குப் பாடமாக இருந்தது. ஆடு ஓநாயைக் கண்டு ஓடுவது ஓநாயின் நிறமும் உருவமும் கண்ணுக்கு இனியவையாக இல்லாததால் அன்று, தன் இயல்புக்கு அது பகை என்று உணர்வதாலேயே என்கிறார் அவர். பறவை வைக்கோலைப் பொறுக்குவதும் அது கூட்டுக்கு உதவும் என்பதால். கண்ணுக்கும் மூக்கும் எட்டாத நன்மை தீமைகளை விலங்கு ஒருவாறு மதிப்பிட்டு அறிகிறது. இதை மதிப்பீட்டுப் புலன் என்று மொழிபெயர்க்கலாம். அறிவுக்குக் கீழே, ஐம்புலன்களுக்கு மேலே, விலங்குக்கென்று இறைவன் அளித்த ஒரு வாயில் அது.

பயிற்சி பெற்ற நாயின் நிலை இதனினும் எளியது. அதற்குப் புற்றுநோய் என்ற சொல் இல்லை. சாவைப் பற்றிய கலக்கம் இல்லை. அந்த மாதிரிக்கு உரிய மனிதரை அது கண்டதே இல்லை. இந்த மணத்தின் அருகே படுத்தால் பிஸ்கோத்துக் கிடைக்கும். அதன் அறிவு அவ்வளவே. எனவே, நாய்க்கு நம் மீது இரக்கம், அது நோயாளிக்காகத் துயருறுகிறது என்றெல்லாம் உருகி எழுதுவோரோடு நான் சேரமாட்டேன். டெய்சியையும், மச்சத்தைக் கடிக்க முயன்ற அந்த லண்டன் நாயையும் நினைக்கும்போது மட்டும் என் உறுதி சற்றுத் தளர்கிறது. தாங்கள் நேசித்த உடலில் பகையான ஏதோ ஒன்று புகுந்துவிட்டது என்று அவை உணர்ந்தனவோ? அக்வினாஸைக் கேட்டால் மீண்டும் அந்த ஆட்டையே சுட்டிக்காட்டுவார் என்று எண்ணுகிறேன்.

எப்படியாயினும், தான் சொல்வதன் பொருள் தனக்கே தெரியாத ஒரு சாட்சி நம்முன் நிற்கிறது. காரணம் கேட்டால் சொல்லாது. குறுக்கு விசாரணை செய்ய இயலாது. படுக்கும், அல்லது படுக்காது. இத்தகைய சாட்சியை நம்பலாமா?

நம்பக்கூடாது என்பார்க்கும் வலுவான சான்று உண்டு. 1904இல் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. கூட்டல் கணக்கைக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். அறிஞர்களே வியந்து நின்றார்கள். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலார் பொறுமையாக ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கணக்கைக் கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது! தட்டல் சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலை தம்மை அறியாமல் சற்றே அசைந்தது. குதிரை படித்தது கணக்கையன்று, முகத்தை. கேட்பவர்களோ தாம் அசைவதை அறியவே இல்லை. அதில் ஏமாற்று எவரிடமும் இல்லை.

இதற்கு நூறாண்டுக்குப் பின், 2011இல், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் மோப்ப நாய்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போதைப்பொருளையும் வெடிமருந்தையும் தேடும் நாய்களும் அவற்றை நடத்துவோருமாகப் 18 இணைகள். தேடல் நடந்த இடம் ஒரு கிறித்தவக் கோவில். போதைப்பொருளோ வெடிமருந்தோ என்றும் இருந்திராத இடம் வேண்டும் என்பதற்காக அதைத் தேர்ந்தார்களாம். கோவிலுக்குக் கிடைத்த இந்த நற்சான்றை நம் பங்கு மக்களுக்குச் சொல்லி மகிழலாம்! அறைகளில் தேடுபொருள் எதையும் அவர்கள் வைக்கவில்லை. ஆனால் வைத்திருக்கலாம் என்று நாய் நடத்துவோரை நம்பச் செய்தார்கள். சில இடங்களில் சிவப்புத் தாளை ஒட்டி, பொருள் அங்கேதான் இருக்கிறது என்றும் கூறினார்கள். மொத்தம் 144 தேடல்கள். ஒன்றும் இல்லாத அறைகளில், ஒன்றும் இல்லை என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. நாயைக் கவர வேண்டிய இறைச்சித் துண்டங்களும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவை இருந்த இடங்களைவிட, மனிதருக்கு மட்டுமே பொருள்படும் சிவப்புத் தாள் இருந்த இடங்களிலேயே பிழையான அறிவிப்புகள் மிகுதியாக எழுந்தன.

நாய் பொய் சொன்னதா? அந்தச் சொல் பொருந்தாது. தலைவன் எதை விரும்புகிறான் என்பதை அது கண்டுகொண்டது. தலைவன் விரும்புவதைத் தருவதே அதன் இயல்பு. இல்லாததையும் இருப்பதாகக் கருதியது தலைவனின் கண்ணாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் பிழை கயிற்றின் வழியே கீழிறங்கியது, நாயிடத்தில் தொடங்கவில்லை.

நாலடியார் யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு, நாயின் நட்பே தேர்ந்துகொள்ளத் தக்கது என்று சொல்கிறது. பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ தன்மேல் வேலெறிந்தவனிடமும் வாலைக் குழைக்கும். நட்புக்கு இது பேரணிகலன். சாட்சிக்கோ இதுவே பேரிடர். எந்தப் பற்றினால் நாய் நமக்கு உழைக்கிறதோ, அந்தப் பற்றே அதன் சாட்சியத்தைக் கெடுக்கவும் வல்லது. இதை நாயைப் பழக்குவோர் நன்கு அறிவர். ஆகவே தேர்வு வைக்கும்போது எந்த மாதிரி நோயாளியுடையது என்பது நாயை நடத்துபவருக்குத் தெரியாதபடி ஒழுங்கு செய்கிறார்கள். அறிந்தவர் அறைக்கு வெளியே, கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். உண்மை வெளிப்பட வேண்டுமானால் கேட்பவர் தம் முகத்தை மறைத்தாக வேண்டும் என்பது எவ்வளவு விந்தையான ஒழுக்கம்!

விந்தை என்றேன். ஆனால் திருச்சபை இதை அறியாததன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1564ஆம் விதி, சாட்சிகளிடம் வினாக்களை எவ்வாறு கேட்க வேண்டும் என்று வரையறுக்கிறது. வினா சுருக்கமாக இருக்க வேண்டும். கேட்கப்படுபவரின் அறிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிக்கவைப்பதாகவோ, விடையைத் தானே எடுத்துக் கொடுப்பதாகவோ இருத்தல் ஆகாது. மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் சிறிது காலம் உதவியவன் என்ற முறையில், இவ்விதியைக் கடைப்பிடிப்பது எத்துணைக் கடினம் என்பதை நான் அறிவேன். 'உங்கள் கணவர் திருமணத்துக்கு முன்பே குடிப்பழக்கம் உடையவரா?' என்று கேட்டுவிட்டால் போதும். எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்த்து நமக்கு எந்த விடை வேண்டும் என்று தெரிந்துகொள்வார். நம் மக்கள் குருவானவரிடம் இல்லை என்று சொல்லத் தயங்குபவர்கள். மரியாதை என்று அதை நாம் பாராட்டுகிறோம்.

சாட்சியைக் கெடுக்காமல் பெற்றோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதைத் தீர்ப்பாக்கலாகாது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் பள்ளிச் சிறுவர்களுக்கு நைலான் காலுறைகளைக் கொடுத்து, ஓர் இரவு அணியச் செய்து, அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பி நாய்களிடம் மோக்கக் கொடுத்தார்கள். நோயின் அறிகுறி தெரியாமலே மலேரியாக் கிருமியை உடலில் சுமந்த சிறுவர்களின் காலுறைகளை நூற்றுக்கு 70 அளவில் அவை கண்டுபிடித்தன. கிருமி இல்லாதவற்றை நூற்றுக்கு 90 அளவில் சரியாக விலக்கின. இந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. கேட்பதற்குப் பெரிய வெற்றியாகத் தோன்றுகிறது. ஆனால் 1,000 பேர் வாழும் ஓர் ஊரில் 10 பேருக்கு மட்டும் கிருமி இருப்பதாகக் கொள்வோம். நாய் அந்தப் பத்தில் ஏழு பேரைக் காட்டும். நலமாக இருக்கும் 990 பேரிலோ 99 பேரையும் காட்டும்! நாய் சுட்டிய 106 பேரில் ஏழு பேருக்கே நோய்.

மலேரியா எனில் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, அந்த 99 பேரையும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புற்றுநோய் என்றால் அப்படி முடியுமா? ஊசி, ஸ்கேன், சதைத் துண்டெடுத்துச் சோதித்தல், நகரத்துக்குப் போய்வரச் செலவு, இழந்த நாள்கூலி, உறங்காத இரவுகள். உனக்கு நோய் இருக்கலாம் என்ற சொல் ஓர் ஏழைக் குடும்பத்துக்குள் நுழைந்தால், பின்பு அது பொய்யென்று தெரிந்தாலும், வாங்கிய கடன் பொய்யாவதில்லை. எனவே நாயின் அடையாளத்துக்கு நாம் தரக்கூடிய பொருள் ஒன்றே. மீண்டும் பார் என்று அது சொல்கிறது. அமர்ஷம் மருத்துவர் செய்ததும் அவ்வளவே. நாய் சொன்னதற்காக அவர் கத்தியை எடுக்கவில்லை, மறுபடியும் பார்த்தார். அந்த ஆய்வின் இறுதித் தேர்விலும் நாய்களின் வெற்றி பெரிதன்று. 54 முயற்சிகளில் 22 முறைதான் சரியாகக் காட்டின, அதாவது 41 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்திருந்தால் 14 விழுக்காடு கிடைத்திருக்கும். பாதிக்கு மேல் தவறும் சாட்சிதான் அது. அதன் ஒரு சொல்லைக் கேட்டதால்தான் ஒரு மனிதரின் சிறுநீரகப் புற்று வெளிப்பட்டது.

சுட்டப்படும் மனிதரின் மாண்பு பற்றியும் ஒரு சொல். 2020 செப்டம்பரில் ஹெல்சிங்கி விமான நிலையத்தில் கொரோனாத் தொற்றைக் கண்டறிய நாய்களை ஏற்படுத்தியபோது, பயணிகளை வரிசையில் நிறுத்தி நாயை உலவவிடவில்லை. பயணி தம் தோலைத் துணியால் துடைத்துக் கொடுப்பார். நாய் தனி அறையில் இருந்து அத்துணியை மோக்கும். ஊரார் பார்க்க ஒருவர் காலடியில் நாய் படுத்துக்கொள்வதை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மறைப்பினால் எத்தனை பேருடைய முகம் காக்கப்பட்டது!

பழக்குவோர் சந்திக்கும் இன்னொரு சிக்கலும் என்னை வெகுவாக எண்ண வைத்தது. பயிற்சியில் எது சரியான விடை என்று நமக்கு முன்பே தெரியும். ஆகவே நாய்க்கு உடனே தின்பண்டம் கொடுக்கலாம். உண்மையான சோதனையில், யாருக்கு நோய் என்பது எவருக்கும் தெரியாத இடத்தில், நாய் படுக்கிறது. அது சொன்னது சரியா? பல நாள் சோதனைக்குப் பின்புதான் தெரியும். அதுவரை நாய் காத்திருக்குமா? பரிசு தராவிட்டால் சோர்ந்துவிடும். தந்தால் பிழைக்குப் பரிசு தந்ததாக ஆகிவிடலாம். தான்சானியா நாட்டில் காசநோயைக் கண்டறியப் பெரிய எலிகளைப் பழக்கும் அப்போப்போ என்னும் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. நோய் உறுதியான சில சளி மாதிரிகளை இடையிடையே கலந்து வைப்பார்கள். அவற்றைக் காட்டும்போது எலிக்கு உணவு. மருத்துவமனை நோயில்லை என்று ஒதுக்கிய மாதிரியை எலி காட்டினால் உணவு இல்லை. ஆனால் அந்த மாதிரியை மறுபடியும் நுண்ணோக்கியில் வைப்பார்கள். இவ்வாறு கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள்.

நாம் ஏற்கெனவே அறிந்ததைச் சொன்னவருக்கு உடனே பரிசு. நாம் அறியாததைச் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை! விலங்கைப் பழக்குவதில் இது தவிர்க்க முடியாத ஏற்பாடு. ஆனால் நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பங்குப் பேரவைகளிலும் இதுவே வழக்கமாக இருக்கிறதே, அங்கும் தவிர்க்க முடியாததுதானா?

மனிதரிடத்திலேயே இது நடந்ததற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று உண்டு. ஜாய் மில்ன் என்னும் செவிலியரின் கணவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குநோய் வந்தது. நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் உடலின் மணம் மாறியதை அப்பெண்மணி உணர்ந்திருந்தார். அந்நோய் கண்டவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதே மணம் எல்லோரிடமும் வீசியபோதுதான் அதன் பொருள் அவருக்கு விளங்கியது. எடின்பரோ பல்கலைக்கழக அறிவியலார் ஒருவர் பேசிய நிகழ்ச்சியில் எழுந்து இதைக் கேட்டார். முதலில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அந்த அறிவியலாரே அவரைத் தேடி அழைத்துத் தேர்வு வைத்தார். பன்னிரண்டு பனியன்கள், ஆறு நோயாளிகள் அணிந்தவை, ஆறு நலமானவர்கள் அணிந்தவை. அந்த அம்மையார் ஏழு பேருக்கு நோய் என்றார். ஒன்று பிழை என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதங்களுக்குப் பின் அந்த ஏழாவது மனிதரே வந்து தமக்குப் பார்க்கின்சன் நோய் உறுதியாகிவிட்டது என்று தெரிவித்தார். பிறகு 2025இல், பம்பர், பீனட் என்ற இரண்டு நாய்களும் தோலின் எண்ணெய்ப் பசையை மோந்து அந்நோயைப் பெருமளவு சரியாகப் பிரித்தறிந்தன என்ற ஆய்வும் வெளியாயிற்று.

எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதை வழியில் நின்ற வானதூதரைக் கண்டு விலகுகிறது. இறைவாக்கு உரைப்பவனாகிய பிலயாமோ காணவில்லை. கழுதையை மூன்று முறை அடிக்கிறான். இப்பகுதியில் மறையுரை ஆற்றும்போதெல்லாம் கழுதை பேசியதையே பெரிதாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அந்த மூன்று அடிகள்தாம் என் கண்முன் நிற்கின்றன. பேசுவதற்கு முன்னரே கழுதை மூன்று முறை சொல்லிவிட்டதே! வயலுக்குள் ஒதுங்கிச் சொல்லிற்று. சுவரோடு ஒட்டிச் சொல்லிற்று. இறுதியில் படுத்துச் சொல்லிற்று.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் கோவிலைப் பெருக்கித் துப்புரவு செய்துவந்த அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் கணவர் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். ஒரு ஞாயிறு மாலை, நான் கிளைக் கிராமத்துப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், துடைப்பத்தைக் கையில் வைத்தபடியே வந்து நின்றார்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் இப்பெல்லாம் அவராவே இல்லை. எனக்கு என்னமோ சரியாப் படலை."

"மருத்துவமனைக்குக் கூட்டிப் போனீர்களா?"

"போனோம் சாமி. எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சீட்டு எழுதிட்டாங்க."

"அப்புறம் என்னம்மா? நாள் முழுக்க வெயிலில் சாரத்தில் நின்று வேலை செய்கிறவர். அலுப்புத்தானே?"

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தேன்.

"ஆமாங்க சாமி. அலுப்புத்தான்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். இம்முறை வேறு எதையோ கேட்பவர்போல் வந்து, "அவரு சோத்தைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு சாமி" என்று மட்டும் சொன்னார். செபிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்து மாதங்களுக்குப் பின் வேறோர் ஊரில் பார்த்தபோது கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். முன்னரே பார்த்திருந்தாலும் ஒருவேளை ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்று எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அந்நோயைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. நோயைக் கண்டுபிடிக்காதது என் பிழையன்று. அது என் வேலையும் அன்று. முப்பது ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்த பெண், தன் கணவரிடம் ஏதோ மாறிவிட்டது என்று அறிந்து, காரணம் சொல்லத் தெரியாமல், அறிந்ததை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார். மருத்துவமனைச் சீட்டு என் ஏடாக இருந்தது. அலுப்புத்தானே என்று நானே விடையையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பெற்றுக்கொண்டு, நான் விரும்பியதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசைக்குக் கருத்துக் கொடுக்க அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். நான் அப்பவே சொன்னேனே சாமி என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஓரளவு இலேசாக இருந்திருக்கும். பூசை ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்த நாளில் வைக்கலாம் அம்மா? உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"சாமிக்கு எது சௌகரியமோ அதுவே வைங்க சாமி" என்றார்.